மஞ்சளான இலைக்கு ஊற்றிய தண்ணீர்

மேனாம்பேட்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் என் மனைவி சாக்குகளில் இஞ்சி வளர்த்தாள். டீ, துவையல், எனக்கு அஜீரணம் என்றால் கஷாயம், எல்லாம் அதிலிருந்துதான். வளர்த்தது அவள், தின்றது நான். ஒரு நாளும் நான் அதற்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.

இந்தத் தை மாதம், புற்றுநோய்க்கு மறுபடியும் மருந்து ஏற்ற அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மாடியில் இஞ்சி இலையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. அவள் வருவதற்குள் செடி செத்துவிடுமோ என்று பயந்து, காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினேன்.

வீடு திரும்பியவளுக்கு எதைத் தின்றாலும் குமட்டல். போன முறை வாயில் இஞ்சித் துண்டை அடக்கிக்கொண்டால்தான் கஞ்சி இறங்கியது.

“நம்ப இஞ்சிய தோண்டி எட்துனு வாங்க” என்றாள்.

சாக்கைக் கவிழ்த்தேன். கிழங்கெல்லாம் அழுகிக் கூழாகியிருந்தது. கடையில் வாங்கிய இஞ்சியை நறுக்கி நீட்டினேன். மோந்து பார்த்தாள்.

“இன்னாங்க, இது நம்புள்து இல்லியே.”

நடந்ததைச் சொன்னேன்.

“எல மஞ்சளாச்சின்னா கெழங்கு முத்திச்சின்னு அர்த்தம். தண்ணிய நிறுத்தணும். இத்தினி வருசமா ஒரு சொம்பு ஊத்தாத மனுசன், இப்பதான் ஊத்தணுமா?” என்று சிரித்தாள்.

அந்தத் துண்டையே வாயில் அடக்கிக்கொண்டாள். கஞ்சியை ஊட்டினேன். முதல் வாயே திரும்பி வந்துவிட்டது.

மறுபடியும் மாடிக்கு ஓடினேன். கெட்டியாக ஒரு துண்டாவது மிஞ்சியிருக்குமா என்று அந்த அழுகலைக் கையால் பிசைந்து தேடினேன். கீழே அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.