வளையம் இல்லாத கிளி

வெளிநாட்டில் நாங்கள் குடியேறிய மோர்னிங்சைட்டில் பக்கத்து வீட்டு அங்கிள் கூண்டுக்கிளியைக் காட்டினார். "மூண்டு வயசாகியும் கழுத்தில வளையம் இல்லை, பிள்ளை. பெட்டைக்கிளி, பேசாது. திருப்பிக் குடுக்கப்போறன்."

கிளி கிறீச்சிட்டது. எனக்கு யாழ்ப்பாணத்து வீட்டுக் கிளி ராசனின் குரல் கேட்டது.

பனைப் பொந்திலிருந்து ஐயா எடுத்துவந்த குஞ்சு அது. ஆண்கிளிக்குத்தான் கறுப்பும் ரோசாவுமாய்க் கழுத்து வளையம் விழும். அதை நம்பித்தான் ராசன் என்று பெயர் வைத்தார். உடல் பச்சையாய் மினுங்கியது, சொண்டு சிவந்தது, வளையம் மட்டும் வரவில்லை. பெட்டைக்குப் பேச்சு வராதென்று ஐயா, பேசவைக்கக் கொடுத்துவந்த பழமிளகாயை நிறுத்திவிட்டார். நான் விடவில்லை. கறிக்கு வைத்திருந்த மிளகாயை எடுத்துக் கொடுத்தேன்.

ஒருநாள் காலை, "எடியே, தேத்தண்ணி" என்று விறாந்தையிலிருந்து ஐயாவின் அதட்டல் கேட்டது. அம்மா கோப்பையோடு ஓடிவந்தார். ஐயா வாயே திறக்கவில்லை, கூப்பிட்டது கிளி. அம்மா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஐயாவுக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தத் தேத்தண்ணியை ஆறுதலாகத் தானே குடித்தார்.

"பேசும் அங்கிள்," என்றேன். "நீங்கள் அன்ரியோட எப்பிடிக் கதைக்கிறீங்கள் எண்டு இப்ப கேட்டுக்கொண்டிருக்கு."