நகராத புள்ளி

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. இது நடந்தது நள்ளிரவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சிரம்பான் லோபாக்கில், கீழே சித்திக் பாய் கடையில் ரொட்டி சானாய் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, மாடியில் எங்கள் சர்வே ஆபீசில் நடந்தது.

என் பெயர் டேரன். ஜிபிஎஸ் கருவியில் எடுத்து வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கணினி மேப்பில் ஏற்றுவது என் வேலை. அந்த வருடம் ஜூன் மாதம் எங்கள் முதல் பிள்ளை இறந்தே பிறந்தது. அதிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப்போகுமே, உடம்பு முழுக்க அப்படி. சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், பூசைக்குப் போனேன். பிள்ளைக்கென்று மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்த பின் அறையைப் பூட்டிச் சாவியை என் மனைவி பெட்ரிசியாவிடம் கொடுத்தேன். அவளாவது அழுதாள். எனக்கு அதுவும் வரவில்லை.

கெமாஸ் பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று கைமாறியிருந்தது. அதிலிருந்த கிறிஸ்தவக் கல்லறைகளை டவுனுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லறைக்கும் மேப்பில் ஒரு புள்ளி. திங்கள் காலை மண்வாரி வரும். புள்ளி உள்ள இடத்தைத் தோண்டி எடுப்பார்கள். புள்ளி இல்லாத இடத்தை மட்டம் தட்டிவிடுவார்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை நானே போனேன். தோட்டத்துப் பழைய ஆட்களில் மிச்சமிருந்த ஆம்புரோஸ் அங்கிள் முன்னால் நடந்து காட்டினார். ஒவ்வொரு சிலுவைக்குப் பக்கத்திலும் நின்று கருவியை அழுத்தினேன். அழுத்தும்போதெல்லாம் அது ‘டிட்’ என்று கத்தும். எல்லாம் முடிந்த பிறகும் அவர் கிளம்பவில்லை. கல்லறைகளைச் சுற்றியிருந்த கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு வெளியே செம்பனைகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“முடிஞ்சிதா அங்கிள்?”

“ம்... முடிஞ்சிது தம்பி.”

இருட்டிவிட்டதால் கருவியை வீட்டுக்கே எடுத்துப் போனேன். பையைப் பின் அறைக் கதவோரம் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பூசை முடிந்ததும் ஆபீசுக்கு வந்தேன். தனியாக. வெளியே நல்ல மழை. ஃபைலைக் கணினிக்கு மாற்றினேன். பேட்டரிகளைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு, கருவியை அலமாரிக்குள் வைத்தேன். பிறகு ஃபைலை மேப்பில் ஏற்றினேன். கல்லறைகள் அத்தனையும் வேலியைத் தாண்டிச் செம்பனைகளுக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

எனக்கு இது புதிதில்லை. பழைய தோட்டத்து வரைபடங்களின் அளவை முறை வேறு, கருவியின் முறை வேறு. கை தவறிப் பழையதைத் தேர்ந்தெடுத்தால் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாக, ஒரே தூரம் தள்ளிப் போகும். எங்கள் ஆபீசில் இந்தத் தப்பைச் செய்யாத ஆள் கிடையாது. சரியான முறைக்கு மாற்றினேன். புள்ளிகள் மொத்தமாக நகர்ந்து வேலிக்குள் வந்தன.

ஒன்று மட்டும் வரவில்லை.

அது வேலிக்கு வெளியே, செம்பனைகளுக்கு நடுவில், அதே இடத்தில் நின்றது. ஒரே ஃபைலில் உள்ள புள்ளிகள் சேர்ந்துதான் நகரும். ஒன்று மட்டும் தங்காது. தங்கவே முடியாது.

அதன் மேல் கிளிக் செய்தேன். மற்றதெல்லாம் சனிக்கிழமை எடுத்தவை. இதற்கு மட்டும் அன்றைய, ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நேரம் 2.47.

கணினியின் மூலையைப் பார்த்தேன். 2.47.

அழித்தேன்.

டிட்.

அலமாரிக்குள்ளிருந்து...

பேட்டரிகள் என் கண்ணெதிரே மேசையில் கிடந்தன.

மறுபடி ஏற்றினேன். புள்ளி அங்கேயே. நேரம் 2.51.

அழித்தேன்.

டிட்... டிட்...

கீழே ரொட்டி தட்டும் சத்தம் நின்றிருந்தது. மழையும் விட்டிருந்தது. என் மூச்சு மட்டும்தான் கேட்டது.

ஆம்புரோஸ் அங்கிளுக்கு ஃபோன் போட்டேன்.

“அங்கிள், வேலிக்கு வெளிய யாரையாச்சும் பொதைச்சிருக்காங்களா?”



“ஏம்ப்பா கேக்குற?”

“சொல்லுங்க.”

“எம் மொதப் பிள்ள. செத்தே பொறந்துச்சி. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைய உள்ள விடல, அப்பல்லாம். ஒரு மரப்பெட்டியில வச்சி நானே ஆணி அடிச்சி வெளிய பொதைச்சேன்.”

“நேத்து ஏன் சொல்லல?”

“எங்க இருக்குன்னு எனக்கே தெரியலியே தம்பி. அப்ப ரப்பர் மரம். அப்புறம் எல்லாத்தயும் வெட்டிட்டு செம்பனை போட்டுட்டாங்க. கல்லு இல்ல, பேரும் வைக்கல.”

எங்கள் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

திரும்ப ஏற்றினேன். இந்த முறை அழிக்கவில்லை. மேப்பை அப்படியே அனுப்பிவைத்தேன்.

திங்கட்கிழமை புள்ளி இருந்த இடத்தில் தோண்டினார்கள். மரப்பெட்டி கிடைத்தது. மூடி திறக்கவே இல்லை, ஆணிகள் அடித்தபடியே இருந்தன.

உள்ளே ஒன்றும் இல்லை.

“மண்ணு தின்னுருக்கும் லா,” என்றான் மண்வாரி ஓட்டியவன். பெட்டிக்குள் ஒரு பிடி மண்கூடப் போயிருக்கவில்லை. ஆம்புரோஸ் அங்கிள் அந்தக் காலிப் பெட்டியையே மார்போடு அணைத்துக்கொண்டு லாரியில் ஏறினார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து சி ரூசாவில் தெருவிளக்குக் கணக்கெடுப்பு. அதே கருவி. மறுநாள் ஆபீசில் ஃபைலை ஏற்றினேன். கடற்கரைச் சாலை நெடுக விளக்குகள் வரிசையாக வந்தன.

ஒரு புள்ளி மட்டும் கடற்கரையிலிருந்து வெகுதூரம் தள்ளி, சிரம்பானில் இருந்தது.

பெரிதாக்கினேன். எங்கள் தாமான் குடியிருப்பு. எங்கள் தெரு. எங்கள் கூரை.

பின் அறை.

பெட்ரிசியாவுக்கு ஃபோன் செய்தேன்.

“பின் ரூம தொறந்தியா?”

“எதுக்குக் கேக்குற?”

“சும்மா...”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“நீ அந்தத் தோட்டத்துக்குப் போய்ட்டு வந்தியே, அன்னிக்கி ராத்திரிலேருந்து உள்ள ஒரு சத்தம் கேக்குது டேரன். மொதல்ல பயந்தேன். இப்ப கதவ பூட்டுறதில்ல. லைட்டயும் போட்டே வக்கிறேன். இருட்டுல இருந்தா பாவம் லா.”

“என்ன சத்தம்?”

அவள் பின் அறைக்கு நடந்து போகும் சத்தம் கேட்டது. ஃபோனை உள்ளே நீட்டினாள் போலிருக்கிறது.

டிட்...

கருவி என் முன்னால் மேசையில் கிடந்தது, பேட்டரி இல்லாமல்.