அஞ்சலையின் பச்சை முந்திரிக் குழம்பு

சேதி வந்த நேரத்தில் நான் அஞ்சலையைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலை எட்டரை மணி. பாலர் பள்ளி அடுப்பில் நெருப்பில்லை, பிள்ளைகள் பாலுக்காகத் தம்ளரைத் தரையில் தட்டுகிறார்கள். "எங்க போய்த் தொலைஞ்சாளோ மகராசி" என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்கிறேன். காய்ச்சல் என்று மூன்று நாள் லீவு சொல்லிப் போனவள் அன்றைக்கு வந்திருக்க வேண்டும். அவள் தம்பி கோவிந்தன்தான் வந்தான். சைக்கிளைச் சுவரில் சாய்த்தபடியே, "டீச்சர், எங்கக்கா போயிடிச்சிங்க" என்றான். "எங்க போயிட்டா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்ட வாயை நான் என்ன செய்ய?

கருமாதி முடிந்து எட்டு நாளாகிறது. மாதர் சங்க மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டீர்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தாயிற்று. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் அடுக்களைக்குப் போய் வெறும் பாத்திரத்தைத் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன். பிள்ளைகளைப் பாலர் பள்ளியில் விட்ட உங்களுக்கெல்லாம் அஞ்சலையைத் தெரியும். பால் காய்ச்சுவாள், மூக்கைத் துடைப்பாள், அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பெருக்குவாள். "அவள் நல்லவள், தங்கமானவள்" என்று எழுதினால் நீங்களும் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் திருநெல்வேலியிலிருந்து இங்கே நெய்வேலிக்கு வந்த புதிது. குவார்ட்டர்ஸ் சுவரில் சுண்ணாம்பு வாசனை போகவில்லை. ஒரு மத்தியானம் அஞ்சலை மடியில் பச்சை முந்திரிக் கொட்டைகளைக் கொட்டிக்கொண்டு, விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டுப் பிளந்துகொண்டிருந்தாள். கேட்பானேன் என்று ஒன்றை எடுத்துப் பல்லால் கடித்துவிட்டேன். ஐயோ! தோலில் இருக்கிற பால் பட்டு உதடு இட்லி மாதிரி வீங்கிப்போயிற்று. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஓடிப்போய்த் தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவிவிட்டாள். "எந்த ஊருக்கு வந்தாலும் அங்க இருக்கறவங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுதான் வாயில வைக்கணும் டீச்சர்" என்றாள். நான்கு நாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பாடம் சொன்னேன். அதிலிருந்துதான் நாங்கள் சிநேகிதம்.

அப்புறம் அந்த நோட்டு வந்தது. நம் டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "உங்களுக்கு நேட்டிவ் எது?" கோயம்புத்தூர் என்பார்கள், மதுரை என்பார்கள், நாகர்கோவில் என்பார்கள். சித்திரை முதல் நாள் வீட்டுக்கு ஒரு பதார்த்தம் அவரவர் நேட்டிவ் முறையில் செய்து கொண்டுவர வேண்டும், அதை அந்த வீட்டில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் ஒரு நோட்டில் எழுத வேண்டும், அதுதான் நம் ஊரின் சாப்பாட்டுச் சரித்திரம் என்று தீர்மானித்தோம். யோசனை என்னுடையது. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று, ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னாலும் வைக்க ஊர்ப் பெயர் அட்டை எழுதும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன். நோட்டின் முதல் பக்கத்தில் எழுதியதைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன்: "நெய்வேலிக்கு என்று சொந்தச் சாப்பாடு கிடையாது. வந்தவர்கள் கொண்டுவந்ததே இவ்வூரின் சாப்பாடு." நீங்கள் கைதட்டினீர்கள். பின்னால் காபி தம்ளர் கழுவிக்கொண்டிருந்த அஞ்சலை நிமிர்ந்தாள்.

"அப்ப நாங்க இத்தினி நாளு மண்ணையா துன்னுகினு இருந்தோம் டீச்சர்?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். சித்திரைக்குத் தானும் ஒரு பானை கொண்டுவருவதாக மறுநாள் சொன்னாள். "நேட்டிவ் வடக்குத்துதானே?" என்று கேட்டுக்கொண்டே அட்டையை எடுத்தேன். "அது இப்ப குடியிருக்கற எடம். எழுதறதுன்னா இலுப்பங்குப்பம்னு எழுதுங்க" என்றாள். இலுப்பங்குப்பம், நிலக்கரிச் சுரங்கம் வெட்டுவதற்காக எடுக்கப்பட்டு இல்லாமல் போன ஊர். "இல்லாத ஊரை எப்படி அஞ்சலை எழுதறது? வாசிக்கிறவங்க எங்க இருக்குன்னு கேட்டா?" என்றேன்.

"நெலம் வச்சிருந்தவங்களுக்குப் பத்திரத்துல ஊரு பேரு இருக்குதுங்க. நாங்க கூலிக்குப் போனவங்க. எங்களுக்கு எந்தக் காயிதத்துல இருக்குது? நீங்க ஒரு அட்டையில எழுதினா என்ன கொறஞ்சிப் பூடும்?"

நான் வடக்குத்து என்றே எழுதினேன். சரித்திரம் எழுதுகிறவள் சரியாக எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம். திமிர் என்றே சொல்லுங்கள், பரவாயில்லை.

சித்திரை முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். என் திருநெல்வேலிச் சொதி, கோயம்புத்தூர் அரிசி பருப்புச் சாதம், தஞ்சாவூர்க்காரர் வீட்டு வத்தக்குழம்பு என்று வரிசையாக இருந்தது. கடைசியில் அஞ்சலையின் மண்பானை. பச்சை முந்திரியும் பலாக்கொட்டையும் போட்ட குழம்பு. அட்டையைக் கவிழ்த்து வைத்திருந்தாள். முதலில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கூலிக்காரத் தெருவிலிருந்து வந்த பானை என்ற நினைப்புதான், வேறென்ன. பிறகு கோயம்புத்தூர் அம்மா போய்த் தட்டை நீட்டி, "எந்த ஊர்க் குழம்புங்க இது?" என்று கேட்டார். "இலுப்பங்குப்பம்ங்க. ஊரு பேரச் சொல்லுங்க, ஊத்தறேன்" என்றாள் அஞ்சலை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அடுத்தவர் சொன்னார். அரை மணி நேரத்தில் அங்கேதான் கூட்டம். ஆளுக்கு ஆள் அந்தப் பெயரைச் சொல்லித் தட்டை நீட்டினீர்கள். நான் ஒருத்திதான் நோட்டைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றேன்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்ததை என்னிடம் கொண்டுவந்தாள். விரலெல்லாம் முந்திரிப் பால் பட்டுக் கறுத்துக் கொப்பளித்திருந்தது. "நீங்க பேரு சொல்ல வேணாம் டீச்சர். சும்மா துன்னுங்க" என்றாள். "வயிறு சரியில்லை அஞ்சலை" என்றேன். பொய் என்று அவளுக்குத் தெரியும். "செரிங்க" என்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள். மறுநாள் வழக்கம்போல வந்தாள், பேசினாள், சிரித்தாள். இதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த இரண்டு சித்திரைக்கும் பானை கொண்டுவரவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

முந்தாநாள் இருப்புக்கொள்ளாமல் கோவிந்தனைத் தேடிப் போனேன். இலுப்பங்குப்பம் எங்கே இருந்தது, காட்டு என்றேன். சுரங்கத்தின் விளிம்புக்குக் கூட்டிப்போனான். கீழே இயந்திரம் மண்ணை வெட்டிக்கொண்டிருந்தது. நான் பள்ளத்தின் அடியைக் குனிந்து பார்த்தேன். "அங்க இல்லீங்க" என்று அவன் நேரே எதிரில் கையை நீட்டினான். "இதோ, நாம நிக்கற மட்டத்துல, வெறுங்காத்தா இருக்குது பாருங்க, அதுலதான் எங்க வூடு. அந்தாண்ட எலுப்ப மரம். எங்கக்கா அடுப்பு வெளியிலதான் போட்டிருக்கும்." அவன் காற்றில் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தான். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இந்த எழுத்துக்கு மேலே போடுவதற்கென்று நம் செயலாளர் அனுப்பிய தாளில், அஞ்சலை, வடக்குத்து என்று இருந்தது. அடித்துவிட்டேன். அவள் இலுப்பங்குப்பம் அஞ்சலை. அச்சில் இதை யாரும் மாற்ற வேண்டாம்.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது இரண்டுதான், நான் எழுதாமல் விட்ட ஒரு பெயர், நான் சாப்பிடாமல் விட்ட ஒரு கிண்ணம் குழம்பு. பெயரை எழுதிவிட்டேன். குழம்புக்கு இனி வழியில்லை.