அண்ணாச்சியின் துப்பாக்கியில் குண்டு இல்லை

நண்பர்களுக்கு வணக்கம். இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். குழந்தைக்கு இருமல், இப்போதுதான் கண் அயர்ந்தாள். பகலில் எழுத முயன்றால் முதல் வரியைத் தாண்ட முடியவில்லை. 'அருணாசலம் அண்ணாச்சி காலமாகிவிட்டார்' என்று எழுதிவிட்டு, யாரோ முன்பின் தெரியாதவரைப் பற்றிய வரிபோல அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நம் சுற்றிதழ் இந்த வாரமே தபாலுக்குப் போக வேண்டுமாம். அதனால் வருகிறபடி எழுதுகிறேன். முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணாச்சியின் பல் மருத்துவர், டாக்டர் ஹார்ட்மன், நனைந்த பச்சைக் கோட்டோடு நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "துப்பாக்கியால் இல்லை. துப்பாக்கி காலியாக இருந்தது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான், "அருணாசலம் ஏணியிலிருந்து விழுந்துவிட்டார்" என்றார்.

"எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டேன். அவர் தலையை மட்டும் அசைத்தார். நான் மறுபடியும் எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேனாம். பின்னால் வந்த என் கணவர் தோளைப் பிடித்தபோதுதான் கையில் இன்னும் கரண்டி இருப்பது தெரிந்தது.

நடந்தது இவ்வளவுதான். சனிக்கிழமை மாலை அண்ணாச்சி தனியாகக் காட்டுக்கு மான் வேட்டைக்குப் போனார். காட்டோரத்தில் ஏணி வைத்துக் கட்டிய உயரமான மரப்பரண் ஒன்று உண்டு. மான் வரும்வரை அதில் ஏறித்தான் காத்திருப்பார்கள். ஏறும்போது ஒரு படி முறிந்திருக்கிறது. கழுத்து மடங்க விழுந்திருக்கிறார். இரவெல்லாம் துப்பாக்கியைத் தம் வீட்டில் திருப்பி வைக்க வராததால் விடியற்காலையில் டாக்டர் தேடிப் போய்க் கண்டார். துப்பாக்கி தோளிலேயே கிடந்தது. தோட்டாக்கள் கோட்டுப் பையில் இருந்தன. துப்பாக்கியைக் காலி செய்யாமல் பரண் ஏறக் கூடாது என்பது இங்கே வேட்டைக்காரர்களுக்குப் பால பாடம்.

இதை ஏன் முதலிலேயே இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்றால், திருநெல்வேலியில் அவருடைய தகப்பனார், தம் மகன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். கருமாதி செய்ய மறுக்கிறார். அஸ்தி இங்கேயே இருக்கிறது. வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார். தை மாதம் தங்கை சிவகாமிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார், அந்த மாதிரிச் சாவு விழுந்த வீட்டில் பெண் எடுப்பதா என்று யோசிக்கிறார்களாம். உங்களிடம் ஓர் உதவி கேட்கத்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன், அவரை அறியாதவர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டும்.

அண்ணாச்சி அறுபதுகளின் கடைசியில் ஜெர்மனிக்கு, இந்தக் கார்ல்ஸ்ரூஹே நகருக்கு, ஆராய்ச்சி மாணவராக வந்தவர். உலோகம் ஓயாமல் வேலை செய்து களைத்து எப்படி முறிகிறது என்பது அவர் ஆராய்ச்சி. நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த ஜனவரியில், ரயில் நிலையத்துக்கு என் கணவரோடு அவரும் வந்திருந்தார். இவர் கையில் பூங்கொத்து. அண்ணாச்சி கையில் ஒரு பெண்கள் கோட்டு. பட்டுப்புடவையோடு பல் கிடுகிடுக்க நின்ற என் தோளில் அதைப் போட்டுவிட்டு இவரைப் பார்த்து, "மாப்ளே, பூவ வாங்கினீரு, கோட்ட மறந்துட்டீரே. தங்கச்சி வெறைச்சுப் போவாளா இல்லியா?" என்றார். அன்றிலிருந்து நான் தங்கச்சி, இவர் மாப்பிள்ளை.

அவர் வேட்டைக்குப் போனது பல்வலியால்தான். ஹார்ட்மன் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாராம். "துணி துவைக்கேன்" என்றாராம் அண்ணாச்சி. டாக்டர் காட்டின் ஒரு பகுதியை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார். குளிர்காலத்தில் கம்பால் புதர்களைத் தட்டி விலங்குகளைக் கிளப்ப ஆள் வேண்டும், வருகிறீர்களா என்றார். போனார். மாலையில் நெருப்பு மூட்டிப் பட்டாணி சூப்பு கொடுத்திருக்கிறார்கள். "இந்த ஊருக்கு வந்து இத்தன நாள்ல, பக்கத்துல உக்காந்து சாப்பிடுன்னு ஒருத்தன் சொன்னது அன்னைக்குத்தான் தங்கச்சி" என்று என்னிடம் சொன்னார். நம்மில் பலருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகள் தெரியும். நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு வேட்டை உரிமத்துக்கான தேர்வு. மரம், பறவை, நாய் வகை, சட்டம் என்று தலையணை போன்ற புத்தகங்கள். "டாக்டர் பட்டத்துக்குக் கூட இவ்வளவு படிக்கல" என்பார். "அதனாலதான் அது இன்னும் வரல" என்பார் என் கணவர்.

தேர்வில் தேறியதும் துப்பாக்கி தேட ஆரம்பித்தார். அது ஒரு பருவம் முழுதும் எங்கள் சமையலறையில் நடந்தது. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "மூணு பாத்திருக்கேன்" என்றார்.

"பொண்ணா?" என்றேன் ஆசையாக.

"துப்பாக்கி."

"உங்களுக்குப் பொண்ணு பாக்கச் சொன்னா துப்பாக்கி பாத்துட்டு வர்றீங்களே அண்ணாச்சி" என்றார் இவர்.

"பொண்ணுன்னா நம்மளப் புடிக்கலன்னு சொல்லிரும். இது சொல்லாதுல்லா."

முதலாவது கடையில் புதிதாக மின்னுவது. அவருடைய உதவித்தொகைக்கு அதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கத்தான் முடியும். இரண்டாவது, ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவருடையது. ஒரு குழாய் சிதறும் ரவைக்கு, ஒரு குழாய் குண்டுக்கு. மூன்றாவது, பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை வேட்டைக்குத் திருத்தியமைத்தது. கட்டையெல்லாம் கீறல். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட்டைக் கையால் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ள வேண்டும். "நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பா மாதிரிதான்" என்று எங்கள் குளியலறைத் தாழ்ப்பாளையே இழுத்துக் காட்டினார்.

"நரிக்குன்னா சின்னக் குண்டு போதும்னு சொன்னாங்களே. செலவும் கம்மி" என்றார் என் கணவர்.

"நரிக்கு மட்டும்னா சரி மாப்ளே. ஒரே துப்பாக்கியில ரெண்டும் பாக்கணும்னா மானத்தான் கணக்குல எடுக்கணும். மானுக்குத் தகுந்தத வாங்கினா நரிக்கும் ஆச்சு. நரிக்குத் தகுந்தத வாங்கினா மானக் காயப்படுத்தி ஓட விட்டுருவேன். அது எங்கயாவது கெடந்து சாவும். நான் இங்க வந்து சோறு திங்கணும்."

இந்த ஊர்ச் சிறுமான் ஓர் ஆட்டின் அளவுதான். அதைச் சுடும் குண்டுக்கே சட்டத்தில் குறைந்தபட்ச விசை உண்டாம். மூன்றாவதையே எடுத்தார். விற்றவர் வீட்டிலேயே குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தாராம். போல்ட்டைத் தம் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் உருப்பெருக்கியில் வைத்து விரிசல் தேடினார். விற்றவர் சிரித்தாராம். மிச்சம் பிடித்த பணத்தையெல்லாம் குறிபார்க்கும் தொலைநோக்கியில் போட்டார். "கண்ணாடிக்குத்தான் காசு போடணும், கட்டைக்கு இல்ல." துப்பாக்கி ஏதோ நெட்டை மனிதருக்குச் செய்தது. குளிர்காலக் கோட்டும் போட்டால் அண்ணாச்சியின் தோளில் பொருந்தவில்லை. கட்டையை எவ்வளவு அறுத்துக் குறைப்பது என்று பார்க்க, என் பூரிக்கட்டையைத் தோளில் வைத்து அடுப்பைக் குறிபார்த்தார். குழந்தை கைதட்டிச் சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, அது இந்த வாசலைத் தாண்டக் கூடாது. வீட்டில் குழந்தை இருக்கு" என்றேன்.

"தாண்டாது" என்றார். ஒரு முறைகூடத் தாண்டவில்லை. அது டாக்டர் வீட்டு இரும்பு அலமாரியிலேயே இருந்தது.

நான் எதற்கும் பயப்படுகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். அடுத்த வசந்தத்தில் காட்டோரங்களில் வெறிநோய் எச்சரிக்கைப் பலகைகள் வைத்தார்கள். நரிகளால் பரவுகிறது என்றார்கள். தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிகள் நினைவுக்கு வந்து, குழந்தையைப் பூங்காவுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை. "நரி மூணு மாடி ஏறி வந்து கடிக்கப் போவுதாக்கும்" என்று அண்ணாச்சி கேலி செய்தார். சில வாரங்களில் அவரே, பட்டப்பகலில், மழலையர் பள்ளிக்குப் போகும் பாதைக்குப் பக்கத்தில் தள்ளாடி வந்த ஒரு நரியைச் சுட வேண்டியிருந்தது. அன்று மாலை வந்தவர் காப்பியைக்கூடத் தொடவில்லை. "அது என்னப் பாத்து ஓடவே இல்ல தங்கச்சி. ஓடியிருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். மறுநாள் குழந்தையைப் பூங்காவுக்கு அவரே தூக்கிக்கொண்டு போனார்.

ஊரில் அவர்கள் சுத்த சைவம். மகன் இறைச்சி சாப்பிடுவதே வீட்டுக்குத் தெரியாது, வேட்டையைக் கேட்கவே வேண்டாம். "அப்பாவுக்குத் தெரிஞ்சா என்னத் தல முழுகிருவாரு" என்பார். ஆனால் கல்யாணத்துக்குப் போகும்போது சொல்லிவிடப் போவதாகக் கடைசியாக வந்தபோது சொன்னார். விமானச் சீட்டு எடுத்துவிட்டார். சிவகாமிக்கு ஒரு கைக்கடிகாரமும் வாங்கியிருந்தார். வாரில் இன்னும் ஒரு துளை போட வேண்டும், அவள் மணிக்கட்டு குச்சி மாதிரி என்று கவலைப்பட்டார். அடுத்த வாரம் சாகப்போகிறவர் இப்படிப் பேசுவாரா?

இப்போது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஞாயிறன்று நாலைந்து பேர் எங்கள் வீட்டில் கூடினோம். தந்தி கொடுக்க வேண்டும். பெரியவர் இதயம் பலவீனமானவர், ஒரேயடியாகச் சொல்லக் கூடாது என்றார்கள். ஊர் வழக்கப்படி முதலில் 'அருணாசலம் கவலைக்கிடம்' என்று அனுப்பினோம். மறுநாள், இறந்துவிட்டதாக. இரண்டிலும் வேட்டை இல்லை, துப்பாக்கி இல்லை. அவர் மறைத்ததை நாம் எப்படிச் சொல்வது என்று நினைத்தோம். டாக்டர் ஹார்ட்மன் மட்டும் விளங்காமல் கேட்டார்: "இறந்துபோனவரை ஏன் நோயாளி என்று அறிவிக்கிறீர்கள்?"

"படிப்படியாகத்தான் சொல்ல வேண்டும்" என்றார் என் கணவர்.

அதற்குள் இங்கிருந்து யாரோ, அவர் துப்பாக்கியோடு இறந்து கிடந்தார் என்று ஊருக்கு எழுதியிருக்கிறார்கள். யார் என்று கேட்கப் போவதில்லை. எழுதியது பொய்யும் இல்லை. போன வாரம் அண்ணாச்சியின் தம்பியிடமிருந்து கடிதம் வந்தது. "முதலில் கவலைக்கிடம் என்றீர்கள். அப்போதே அண்ணன் செத்திருந்தான். துப்பாக்கியை மறைத்தீர்கள். இன்னும் எதை மறைக்கிறீர்கள்?" மருத்துவர் சான்றிதழை மொழிபெயர்த்து அனுப்பினோம். மொழிபெயர்த்தவர்களும் நாங்கள்தானே, எப்படி நம்புவார்கள்? அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மகன் மானைக் கொன்றான் என்று கேட்டால் அந்தப் பெரியவர் துடித்துப்போவார். ஆனால் தன்னையே கொன்றான் என்று நினைத்துக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பதை எப்படி விடுவது? எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. நாளைக்கு அவள் எங்கேயோ ஒரு தேசத்தில் இருந்தால், எனக்கு உண்மையைத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

எரியூட்டிய நாளில் உங்களில் பலர் வர இயலவில்லை. அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பெட்டியை மூடுவதற்கு முன் சிறிது நேரம் கொடுத்தார்கள். என் கணவர், ஊரிலிருக்கும் தம்பிக்குப் பதிலாக நின்று வாய்க்கரிசி போட்டார். நாங்களும் போட்டோம். எதிரே டாக்டரும் அவருடைய வேட்டை நண்பர்களும் பச்சை உடையில் வரிசையாக நின்றார்கள். அரிசி எதற்கு என்று டாக்டர் மெல்லக் கேட்டார். கடைசி உணவு என்று சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. சுட்ட மானின் வாயில் ஓர் இலைக்கொத்து வைப்பது தங்கள் வழக்கம் என்றும், அதற்கும் கடைசிக் கவளம் என்றுதான் பெயர் என்றும், அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அதைத் தாமே வைத்துவிட்டுச் சிறிது நேரம் கையை எடுக்காமல் இருப்பார் என்றும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நானும் போடலாமா?" என்று கேட்டார். கிண்ணத்தை நீட்டினேன். அந்தப் பெரிய, பல் பிடுங்கும் விரல்கள் அரிசியை எடுக்கத் தெரியாமல் எடுத்தன. பாதி சிந்தியது. மீதியை அண்ணாச்சியின் உதட்டில் வைத்தார். அவருடைய நண்பர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

போய் வாருங்கள் அண்ணாச்சி. உங்கள் அப்பாவிடம் நாங்கள் சொல்கிறோம்.

நண்பர்களே, அவரோடு பழகியவர்கள், அந்தக் கடைசி மாதத்தில் அவரோடு பேசியவர்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாக, உங்கள் கையெழுத்தில், அவருடைய தகப்பனாருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீங்கள் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள். வேட்டையையும் மறைக்க வேண்டாம். டாக்டர் ஹார்ட்மன் தம் கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டார். முகவரி என்னிடம் இருக்கிறது. எழுதுகிறீர்களா என்று எனக்கு ஒரு வரி போட்டால் உடனே அனுப்புகிறேன். தை மாதம் நெருங்கிவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.