பிரிக்காத பொட்டலம்

பதுளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மூன்று நாளாக அடைமழை. நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண்மேடு வெடித்து விரிசல் விட்டிருந்தது. மண் சரியுமென்று பயந்து லயத்தில் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் போகவில்லை. என் ஒற்றையறை வீடான காம்பரா காலியாகக் கிடந்தால் கோயில் பூசாரி தன் மச்சானைக் குடிவைத்துவிடுவார் என்று எனக்குச் சந்தேகம்.

அவரிடமே போய், மாரியம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூ வந்தால் போவது, சிவப்பு வந்தால் இருப்பது. இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்தேன். வெள்ளை. மனம் ஒப்பவில்லை. மற்றதையும் பறித்துப் பிரித்தேன். அதுவும் வெள்ளை!

"சாமி பேருல ஏமாத்துறீங்களா?"

"ஆமா தங்கச்சி. நான் சொன்னா நீ கேக்கவா போற?" என்றார்.

அவர் மோசடியை எல்லோருக்கும் சொல்ல ஆத்திரத்தோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். கோயிலைப் பூட்டிக்கொண்டு அவரும் பின்னாலேயே வந்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் மேடு சரிந்தது. என் காம்பராவில் கூரைவரை மண்.

அன்று என்னை வெளியே அனுப்பியது அம்மனா, அவரா என்று இன்னும் எனக்குத் தெரியாது. இப்போதும் பூக்கட்டிப் பார்க்கிறேன். மற்றப் பொட்டலத்தை மட்டும் பிரிப்பதில்லை.