குருநகரிலிருந்து வந்த நாய்

1990 ஆனியில் சண்டை மறுபடி தொடங்கி, யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றியிருந்த சனங்கள் வீடுகளை விட்டு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். நாய் வந்த திகதியை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஆடிப்பிறப்புக்கு முந்திய கிழமை என்பது மட்டும் நிச்சயம். கூழுக்குப் பனங்கட்டி எங்கே வாங்குவது என்று மனைவி கேட்டுக்கொண்டு நின்றபோதுதான் எங்கள் அரியாலை வீட்டுப் படலையடியில் சைக்கிள் மணி கேட்டது.

கோட்டைக்குக் கிட்ட இருக்கிற குருநகரில் இருந்து எங்களுக்கு வழமையாக மீன் கொண்டுவருகிறவர். அன்று மீன் இல்லை. கரியரில் ஒரு சணல் சாக்கு, வாய் கட்டியபடி. சாக்கு அசைந்தது.

“ரீச்சர், ஒரு உதவி. உவனைக் கொஞ்ச நாள் வைச்சிருப்பியளோ?” என்று பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற என் மனைவியிடம் கேட்டார்.

சாக்கை அவிழ்த்ததும் ஒரு கபில நிற நாய் வெளியே விழுந்தது. ஓடவில்லை. வயிறு நிலத்தில் தேய ஊர்ந்துபோய்க் கிணற்றடியில் துணி தோய்க்கும் கல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டது.

அவருடைய ஒரே மகன் வளர்த்த நாய் அது. மகன் முந்திய வருடம் கடலுக்குப் போனவன். வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது. அதற்குப் பிறகு அவருடைய மனைவி மனிதர்களோடு பேசுவதை அநேகமாக விட்டுவிட்டாள் என்பது எங்களுக்குத் தெரியும். மீன் வெட்டித் தரும்போது அவரே சொல்லியிருக்கிறார். நாயோடு மட்டும் பேசுவாளாம்.

“மாதா கோயிலிலைதான் இப்ப இருக்கிறம். சனம் நெருக்குப்பட்டுக் கிடக்கு. நாயைக் கொண்டு வரக்கூடாதெண்டு சொல்லிப்போட்டினம். ஒரு இடம் கிடைச்ச உடனை வந்து கொண்டு போறன். உயிரோடை வைச்சுத் தந்தாக் காணும், ரீச்சர். மனிசிக்கு உது ஒண்டுதான் மிச்சம்.”

“அதுக்கென்ன அண்ணை, நிக்கட்டும்” என்றாள் மனைவி.

“ஏன் சாக்கிலை கட்டினனீங்கள்?” என்று நான் கேட்டேன். கேட்கத் தேவையில்லாத கேள்வி. பூனையானாலும் நாயானாலும் ஒரு வளவிலிருந்து இன்னொரு வளவுக்குக் கொண்டுபோவதென்றால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் சாக்கில்தான் கட்டுவார்கள். கண்ணால் பார்த்த வழியே திரும்பி வந்துவிடும் என்பது எண்ணம்.

“வழி தெரியப்படாது ஐயா. நடத்திக் கொண்டு வந்தா விடியமுன்னம் திரும்பிப் போய் எங்கடை வாசல்லை கிடப்பான். அங்கை ஆமி அடிக்கிற செல் விழுந்தபடி. ஒழுங்கை ஒழுங்கையாச் சுத்தித்தான் வந்தனான். வாற வழியிலையும் ரெண்டு மூண்டு விழுந்தது. சைக்கிளைப் போட்டிட்டு நான் றோட்டுக்குக் கீழை இருந்த மதவுக்குள்ளை பூந்திட்டன். உவன் பாவம், றோட்டிலை சாக்குக்குள்ளையே கிடந்தான்.”

மகன் வைத்த பெயரைச் சொல்லித் தந்தார். தேத்தண்ணீர் குடிக்காமல் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் நாய் வளர்ப்புப் பற்றிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று, கறையான் தின்றது போக மிச்சம், இருந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து வாசித்தேன். புதிதாக வந்த நாய்க்குக் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் கூடை வைத்துக் கம்பளி விரிக்கச் சொல்லியிருந்தது.

“கம்பளிக்கு எங்கை போறது?” என்று மனைவி சிரித்தாள். “உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்துக்கே வழியைக் காணேல்லை.”

கம்பளிக்குப் பதிலாக, நாய் வைத்திருக்கிற எல்லோரும் செய்வதைப்போல, பழைய சாக்கொன்றை நாலாக மடித்து விறாந்தையில் போட்டோம். நாய் அந்தப் பக்கமே வரவில்லை. கல்லுக்குப் பின்னால் ஈர நிலத்தில் கிடந்தது. மழை பெய்தபோதும் அங்கேயே நனைந்தது. அதற்கு வீட்டு நினைவு, அதுதான் உள்ளே வர மனமில்லை என்று மனைவி சொன்னாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

சோறு வைத்துவிட்டு நின்றால் தின்னாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு கொட்டாவி விடும். முதலில் அதை நித்திரை என்று நினைத்தோம். பகல் முழுவதும் படுத்துக் கிடக்கிற நாய்க்கு ஏன் இத்தனை கொட்டாவி என்று பிறகுதான் யோசித்தேன். நாங்கள் கிட்டப் போகும்போது மட்டும் வந்த கொட்டாவி அது. அதோடு உதட்டை நக்கும். கண்ணின் வெள்ளை தெரியும். பயந்தவன் கையைப் பிசைவதைப்போல இதுவும் ஒன்று என்று எனக்கு விளங்க ஆவணி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சோற்றை வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் குசினிக்குள் போய்விடுவோம். சட்டி காலியாகும்.

அதைப் பழக்கியது நான் அல்ல, மனைவி. அதுவும் பழக்க வேண்டுமென்று பழக்கவில்லை. பள்ளிக்கூடம் நடந்தும் நடவாமலும் இருந்த காலம். பின்னேரங்களில் கதிரையைக் கிணற்றுப் பக்கம் முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவாள். வெளிச்சத்துக்காக அப்படி இருந்தாள். நாய் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கல்லுக்கு இந்தப் பக்கம் வந்து படுத்தது. பிறகு வாழையடி. ஒரு நாள் அவளுடைய செருப்பில் தாடையை வைத்துக்கொண்டு கிடந்தது. அவள் எழும்பாமல் இருட்டும்வரை அப்படியே இருந்தாள். அன்று கொப்பிகள் எல்லாம் திருத்தி முடிந்திருந்தன என்பதை நான் பார்த்தேன்.

ஆனால் பங்கர் விசயம் சரிவரவில்லை.

வளவின் வடக்குப் பக்கம் ஆளுயரம் வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, வாசலின் இரண்டு பக்கமும் மண் நிரப்பிய சாக்குகளைச் சுவர்போல அடுக்கியிருந்தோம். எல்லா வீட்டிலும் இருந்ததைப் போன்ற பதுங்குகுழிதான். குண்டு போட வருகிற பொம்மரின் சத்தம் எங்களுக்குக் கேட்க முன்னரே நாய்க்குக் கேட்கும். காது விறைக்கும். எழும்பி ஓடி வரும், எங்களுக்கு முன்னால் பங்கர்வரைக்கும் வரும், வாசலில் நின்றுவிடும். அங்கே நின்று நடுங்கும். பிறகு திரும்பித் தோய்க்கும் கல்லுக்கு ஓடும்.

மனைவி அது இல்லாமல் உள்ளே இறங்கமாட்டாள். வாசலில் நின்று கூப்பிடுவாள்.

“வாவன் உள்ளுக்கு! உனக்கு விசரோ?” என்று நான் கத்துவேன். நாயை அல்ல, அவளை.

“அந்த மனிசன் உயிரோடை தரச்சொல்லித் தந்தது. அவற்றை மனிசிக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?”

“நீ செத்தா ஆர் சொல்லுறது?”

“நீங்கள் சொல்லுங்கோ.”

வானத்தில் பொம்மர் வட்டமடிக்க, நாங்கள் இப்படி வாய்ச்சண்டை பிடித்தோம். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரி தன் பங்கருக்குள் இருந்தபடியே குரல் கொடுப்பாள்: “ரீச்சர், உங்கடை மாப்பிள்ளைக்கு வெத்திலை வைச்சுக் கூப்பிடவேணுமாக்கும்!”

ஒருமுறை நான் அதன் கழுத்தில் சங்கிலி மாட்டிப் பிடித்து இழுத்தேன். நாலு காலையும் ஊன்றிக்கொண்டது. இன்னும் இழுத்தபோது உறுமியது. அப்போதும் விடவில்லை. என் மணிக்கட்டைக் கவ்வியது. பல் பதிந்தது, கிழிக்கவில்லை. உடனே விட்டுவிட்டு நிலத்தோடு ஒட்டிச் சிறுநீர் கழித்தது. கடிக்கிற நாய் இப்படிச் செய்யாது. உறுமலும் கொட்டாவியைப் போலத்தான். மெல்லச் சொன்னது எங்களுக்குக் கேட்காததால் சத்தம் கூடிவிட்டது. அது எனக்கு அப்போதே தெரிந்தது. எதற்குப் பயம் என்பதுதான் தெரியவில்லை. இருட்டுக்கென்றால், மாட்டுக் கொட்டிலின் இருட்டுக்குள் போய்ப் படுக்கிறது. குழிக்கென்றால், வாழைக்கு வெட்டிய கிடங்குக்குள் இறங்கிக் கிண்டுகிறது.

விடை மாரிமழையோடு வந்தது. கார்த்திகையில் வாசல் சாக்குகள் உக்கி வெடித்து மண் வழிந்துவிட்டது. கந்தல்களை இழுத்து வேலிக்கு வெளியே எறிந்தேன். புதிதாக அடுக்கச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த நாட்களில் ஒரு முற்பகல் பொம்மர் வந்தது. நாங்கள் ஓடினோம். நாய் எங்கள் கால்களுக்கிடையால் புகுந்து முதலாவதாக உள்ளே இறங்கிச் சுவரோடு சாய்ந்து படுத்துக்கொண்டது.

மனைவிதான் முதலில் சொன்னாள். “சாக்கு” என்றாள். “ஐயோ, சாக்கு.”

விறாந்தையில் போட்ட படுக்கையும் சாக்கு. பங்கர் வாசலும் சாக்கு. றோட்டில் செல் விழ விழ அது கட்டுண்டு கிடந்ததும் சாக்கு. எங்களிடம் வந்த முதல் நாளே அவர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

அதன்பின் சாக்கை விட்டுவிட்டோம். பனங்குற்றிகளை நிமிர்த்தி நட்டு, இரண்டு வரிசைக்கு நடுவே மண்ணை அடித்து இறுக்கினேன். என் முதுகுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. “நாய்க்குக் கோட்டை கட்டுறார்” என்று ஒழுங்கையால் போகிறவர்கள் சிரித்தார்கள். விறாந்தையில் பழைய பன்பாய் ஒன்று விரித்தோம். அன்றைக்கே ஏறிப் படுத்தது. தைப்பொங்கல் வந்தபோது அது எங்கள் வீட்டு நாய். வாலை உயர்த்திக்கொண்டு வேலி ஓரமாக நடக்கும், ஆடுகளைத் துரத்தும், மனைவி பள்ளிக்கூடத்தால் வருகிற நேரத்துக்குப் படலையடியில் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரியே அதற்கு மீன் முள் வைக்கத் தொடங்கிவிட்டாள்.

நாயைத் தந்துவிட்டுப் போனவரிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. பருத்தித்துறைப் பக்கம் அவருடைய மனைவியின் ஆட்களிடம் போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

1991 சித்திரையில், வருடப்பிறப்பு முடிந்த கையோடு, அவர் வந்தார். பருத்தித்துறையில் இருந்து சைக்கிளில். நன்றாக மெலிந்திருந்தார். கரியரில் பலகைப் பெட்டி ஒன்றைக் கட்டியிருந்தார். அதற்குள் வைக்கோல் பரப்பியிருந்தது.

“இருக்கிறானோ?” என்பதுதான் முதல் வார்த்தை.

“இருக்கிறான் அண்ணை. வாங்கோ, பாருங்கோ” என்றாள் மனைவி. அவளுக்குப் பெருமை. உயிரோடு வைத்திருக்கிறோம்.

அவர் விறாந்தைப் படியில் குந்திக்கொண்டு மகன் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மாட்டுக் கொட்டில் பக்கத்திலிருந்து நாய் ஓடி வந்தது. பாதி வழியில் மணம் பிடித்து நின்றது. வால் இறங்கியது. முகத்தைத் திருப்பிக் கொட்டாவி விட்டது.

“பாருங்கோவன், நித்திரையாலை எழும்பி வாறான்” என்று அவர் சிரித்துக்கொண்டு கையை நீட்டி எழும்பினார்.

நாய் தரையோடு ஒட்டியது. அவர் இன்னும் ஓரடி வைத்தார். அது பின்னுக்கு ஊர்ந்து மனைவியின் சேலைக்குப் பின்னால் போய், அங்கேயே ஈரமாக்கிவிட்டது. உடம்பு முழுவதும் உதறியது.

அவர் கையை மடக்கிக்கொண்டார். திரும்பப் படியில் இருந்தார்.

“என்னைப் பாத்து நடுங்குது” என்றார்.

“அண்ணை, அதுக்குச் சாக்கிலை கட்டினது...” என்று மனைவி தொடங்கினாள்.

“ஓம். நான்தானே கட்டினனான்.”

நான்தான் சொன்னேன், ஒரு கிழமை எங்களோடு நில்லுங்கோ, முகம் பாராமல் இருந்தால் பழகும், மறக்கவில்லை, பயம்தான் என்று. பங்கர்க் கதையையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“அப்ப அங்கை பங்கருக்குள்ளை எப்பிடி ஐயா பூருவான்? நாங்கள் இருக்கிறது கரையிலை. நாளாந்தம் கடலாலை நேவி அடிக்கிற செல் வருகுது. பங்கர் முழுக்க மண்மூட்டைதான். கடற்கரை மணல் சாக்கில்லாமல் நிக்காது.”



“நான் கூட வந்து கொஞ்ச நாள் நிண்டு பழக்கிவிடட்டோ?” என்றாள் மனைவி. “அவவைக் கண்டா வருவான் அண்ணை.”

“வருவான். அவவிட்டை வருவான். அவ எழும்பி வெளியாலை வாறதில்லை ரீச்சர். செல் வாற நேரம் உவன் வெளியிலை நிண்டா அவவும் உள்ளுக்குப் பூரமாட்டா.” மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். “நேற்று முழுக்க அவ ஒண்டுதான் கேட்டவ. வைக்கோல் காய்ஞ்சதோ எண்டு. பெட்டிக்கை வைக்கிற வைக்கோல். கன நாளைக்குப் பிறகு ஒரு வசனம் கதைச்சவ.”

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பெட்டியை அவிழ்த்து எங்கள் வேலியோரம் வைத்தார். வைக்கோலை அள்ளி மாட்டுக்குப் போட்டார்.

“பெட்டி வேண்டாமோ?” என்று கேட்டேன்.

“வெறும் பெட்டியோடை போனா என்னெண்டு அவவுக்குச் சொல்லுறது?”

“உயிரோடை இருக்கிறான், நல்லா இருக்கிறான் எண்டு சொல்லுங்கோ அண்ணை” என்றாள் மனைவி.

“அப்பிடிச் சொன்னா ஏன் கொண்டு வரேல்லை எண்டு கேப்பா. என்ரை முகம் பாத்து நடுங்கினான் எண்டு சொல்லவோ? பிள்ளையின்ரை நாய் ரீச்சர்.” சைக்கிளைத் திருப்பினார். “மாரியிலை செத்துப்போச்சுது எண்டு சொல்லுறன். வருத்தம் வந்து, உங்கடை வீட்டிலை, உங்கடை மடியிலை. அது அவவுக்குக் காணும்.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை” என்று அவள் படலைவரைக்கும் பின்னால் போனாள். அவர் திரும்பிப் பார்த்து நாயை ஒருமுறை தேடினார். அது கண்ணில் படவில்லை. போய்விட்டார்.

சைக்கிள் ஒழுங்கை முனையில் திரும்பிய பிறகுதான் நாய் தோய்க்கும் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தது. அவர் இருந்த படியை மூக்கால் அங்குலம் அங்குலமாக மோந்தது. பிறகு பெட்டியை. பிறகு சைக்கிள் தடத்தை மோந்துகொண்டு ஒழுங்கை முனைவரை போய், அங்கே நின்று ஊளையிட்டது. எங்கள் வீட்டுக்கு வந்து ஒருநாளும் அது ஊளையிட்டதில்லை. மனைவி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள்.

அவர் பிறகு வரவில்லை. நாங்களும் போகவில்லை. போய் நின்றால் பொய்யை யார் காப்பாற்றுவது?

நாய் 1994 மாசியில், முதுமையாலோ என்னவோ, இரண்டு நாள் தின்னாமல் கிடந்து செத்தது. மனைவி அன்று பள்ளிக்கூடம் போகவில்லை. வாழைகளுக்குப் பக்கத்தில் கிடங்கு வெட்டித் தாட்டோம். இருவருமாக அழுதோம். பருத்தித்துறையில் இருந்த அந்தத் தாய் அதற்காக அழுது முடித்து அப்போது மூன்று வருடம் ஆகியிருக்கும்.