புடவைக்குப் பின்னால் நின்றவள்

என் வீட்டுக்காரருக்கு இந்தத் தையில் அறுபதாம் கல்யாணம். மண்டபத்தில் பெரிய திரை வைத்துப் பழைய படங்களை ஓடவிட வேண்டும் என்று சென்னையில் இருக்கும் மகள் முடிவு செய்துவிட்டாள். "அப்பா படம் நிறைய இருக்குதும்மா. உன்னோடதுதான் இல்ல. நல்லா முகம் தெரியற மாதிரி ஒரு பத்து படம் அனுப்பு" என்றாள்.

பத்து என்ன, நூறு அனுப்புகிறேன் என்ற நினைப்பில்தான் அவருடைய போனை எடுத்தேன். இவர் ஒரு படத்தையும் அழிக்க மாட்டார். போன் மாற்றும்போதெல்லாம் மருமகன் பழசை அப்படியே புதிதில் ஏற்றிக் கொடுத்துவிடுவார்.

அந்தப் போனில் ஒரு வசதி. ஒரே ஆளின் படங்களை அதுவே சேர்த்து, முகத்தை ஒரு வட்டத்துக்குள் போட்டு வரிசையாக வைத்துவிடும். முதல் வட்டத்தில் இவர். அப்புறம் மகள், மருமகன், பேரன். எதிர்வீட்டுக்காரருக்குக்கூட ஒன்று. பங்குனி உற்சவத்தில் எடுத்த சாமிக்கும் ஒரு வட்டம் போட்டு, 'இது யார்?' என்று பெயர் கேட்டிருந்தது. கடைசிவரை தள்ளிப் பார்த்தேன், எனக்கு இல்லை. கல்யாண வீட்டுப் படங்களில் நான் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ ஒருத்தர் தோளுக்குப் பின்னால் நிற்பதாகத் தேறியது நாலைந்து.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு ஒரு படம் இல்லையா?" என்று இவரிடம் கேட்டேன்.

"நீ எங்கம்மா நிக்கிற? போட்டோன்னாலே எழுந்து ஓடிடற."

"நான் எங்க ஓடினேன்? உங்க எதிர்லயேதான் நின்னுக்கினு இருந்தேன்."

பொய் இல்லை. எங்கள் தறியில் ஒரு புடவை முடிந்து அறுத்ததும், கடைக்குப் போகும் முன் இவர் படம் எடுத்துவிடுவார். அதே நிறம், அதே கரை என்று மறுபடி யாராவது கேட்டால் காட்ட வேண்டும். பட்டு தரையில் படக்கூடாது என்பதால் நான் முக்காலி மேல் ஏறி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பேன். முந்தானை தெரியும், கரை தெரியும். என்னில் தெரிவது மேலே நாலு நாலு விரல்கள்தான்.

சரி, இருப்பதைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். போன் முகத்தை வைத்துப் பிரித்ததை நான் விரலை வைத்துப் பிரித்தேன். மயில்கழுத்து நிறப் புடவை ஒன்று, படம் ஆடி மங்கலாக விழுந்திருந்தது. அன்று படம் எடுக்க இவர் பின்னாலேயே நகர்ந்து போய்க் குடத்தில் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டு, புடவைக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தேன். மாம்பழ நிறத்தில் ஒன்று. அதன் பின்னால் என் வாய் நிறைய முறுக்கு.

அடுத்தது அரக்கு நிறத்தில் ஒரு முகூர்த்தப் புடவை. விரல்கள் முந்தானையைக் கசக்கிப் பிடித்திருந்தன. பட்டை அப்படிப் பிடிக்கிற ஆள் இல்லை நான்.

அன்று காலை நான் முக்காலியில் ஏறப் போகும்போதுதான் ஐயம்பேட்டையிலிருந்து அண்ணன் போன் செய்தார். அம்மா போய்விட்டாள். இவர் வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் தீட்டு. தீட்டு வீட்டிலிருந்து வரும் முகூர்த்தப் புடவையைக் கடைக்காரர் தொட மாட்டார். மறுநாள் விடிந்தால் அதைக் கட்டப்போகும் யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். வாயைத் திறக்காமல் ஏறி நின்று தூக்கிப் பிடித்தேன். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. பட்டில் ஒரு சொட்டு விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "இன்னும் கொஞ்சம் தூக்கும்மா" என்றார் இவர். தூக்கினேன். புடவையைக் கடையில் கொடுத்துவிட்டு அவர் திரும்பிய பிறகு, இப்போதுதான் போன் வந்தது என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அந்தப் பெண் அதைக் கட்டிக்கொண்டுதான் மணையில் உட்கார்ந்திருப்பாள். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்று இன்றுவரை வேண்டிக்கொள்கிறேன். பயம்தான், வேறென்ன.

இவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "அட, இது எவ்ளோ அம்சமா வந்துக்குது பாரு! கலர் அப்படியே இருக்குது" என்றார்.

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

இவர் படத்தைப் பெரிதாக்கினார். கரையைப் பார்க்கவில்லை, முந்தானையைப் பார்க்கவில்லை, நேராக என் விரல்களுக்குப் போனார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, கையை இறக்குன்னு சொல்லியிருப்பேனேம்மா."

"அதனாலதான் சொல்லல" என்றேன்.

போனை என்னிடமிருந்து வாங்கி அந்தப் படத்தை அவரே மகளுக்கு அனுப்பினார். அதன் கீழே 'உங்க அம்மா' என்று எழுதினார்.